இரவு ஏழு மணிக்குப் பூட்டப்போகிற கதவு

மிஷன் சிறுவர் ஆசுபத்திரியின் பரிபாலன சபையாருக்கு,

உங்கள் சுற்றுநிருபம் போன கிழமை தாதியர் அறைப் பலகையில் ஒட்டப்பட்டது. ஐப்பசி முதலாம் திகதியிலிருந்து இரவு ஏழு மணிக்குப் பிறகு பிள்ளைகளை அனுமதிப்பதில்லை. வாட்டில் இரவு யாரும் தங்கமுடியாது. குசினி மூடப்படும். பகலில் கிளினிக் மட்டும் நடக்கும். மேல்மாடி காசு கட்டிப் பார்க்கிற சனலிங் சேவைக்குப் போகும். இவ்வளவும் நான்கு வரியில் முடிகிறது. மிச்சக் கடிதம் முழுக்க ஆறுதல். கர்த்தர் ஒரு கதவை மூடினால் இன்னொன்றைத் திறப்பார் என்று ஒரு வரி. கடைசியில், இந்த மாற்றத்தை விசுவாசத்தோடு ஏற்றுக்கொள்ளும்படி எங்களைக் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் நான்கு வரியோடு நிறுத்தியிருந்தால் நான் அழுதுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திறந்த மடலாக எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். கதை அடிபடத் தொடங்கிய பங்குனியில் ஒன்று, வைகாசியில் ஒன்று என்று உறையில் போட்டு இரண்டு கடிதம் அனுப்பினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. ஆசுபத்திரியின் பெயரையும் உங்கள் பெயர்களையும் நான் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அது போதும்.

நான் இங்கே சேர்ந்தது 2005 வைகாசியில். அதற்கு முந்திய மார்கழி 26ஆம் திகதி கடல் சுனாமியாக வந்துபோனபின் மட்டக்களப்புக் கரையோரத்து நாவலடியில் எங்கள் வீட்டின் அத்திவாரம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. தம்பியின் உடம்பு கிடைக்கவேயில்லை. நான் அப்போது கொழும்பில் தாதிப் படிப்பை முடித்து அங்கேயே வேலை தேடிக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பார்க்க வந்தவள் திரும்பிப் போகவில்லை. முகாம்களில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க ஆள் காணாது, ஒரு மாதத்துக்கு வரமுடியுமா என்று இங்கிருந்து கேட்டார்கள். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

அந்த நாட்களில் நான் ஜெபிப்பதை விட்டிருந்தேன். கோயிலில் எல்லாரும் பாடும்போது வாய் திறக்காமல் நிற்பேன். வாட்டுக்குப் பொறுப்பாக இருந்த பெரிய மிஸ்ஸி அதைக் கவனித்திருக்கவேண்டும். ஒருநாள் இரவு டியூட்டியில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "ஜெபம் வராட்டிப் பரவாயில்ல மகள், துளியை எண்ணு" என்றார். சின்னப் பிள்ளைகளுக்குச் சேலைன் ஏற்றும் செட்டில் 60 துளி சேர்ந்தால்தான் ஒரு மில்லிலீற்றர். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் எண்ணவேண்டும். நிமிடத்துக்கு 30 துளி விழுந்தால் மணிக்கு 30 மில்லிலீற்றர் போகிறது என்று கணக்கு. கூடினால் பிள்ளையின் நெஞ்சில் நீர் கட்டும், குறைந்தால் நாடி விழும். மெஷின் வந்து இப்போது எண்ணுகிற வேலை குறைந்துவிட்டது. கரண்ட் போனால் பழையபடி கடிகாரம்தான். அப்படி எண்ணி எண்ணித்தான் எனக்கு விசுவாசம் திரும்பி வந்தது. ஒருநாளில் வரவில்லை. எந்த நாள் வந்தது என்றும் சொல்லத் தெரியாது. ஒரு விடியப்புறம் பார்க்கிறேன், எண்ணிக்கொண்டே வாய்க்குள் பாடிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, விசுவாசம் என்ற சொல்லை நான் இந்த ஆசுபத்திரியில், இரவில்தான் படித்தேன். அந்த இரவை எடுத்துவிட்டு அதே சொல்லை என்னிடம் கேட்கிறீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இரவில் இங்கே என்ன நடக்கிறது என்று உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. திறப்பு விழாக்களுக்கும் நத்தார் மரம் வைக்கும் நாளுக்கும் வந்திருக்கிறீர்கள். அதெல்லாம் பகல். அதனால் ஒரு இரவை மட்டும் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன்.

போன மார்கழி. நல்ல மழை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஏழு வயதுப் பொம்பிளைப் பிள்ளை ஒன்றை அதன் அம்மம்மா கொண்டுவந்திருந்தா. தாய் வெளிநாட்டில், வீட்டு வேலை. பிள்ளைக்கு நான்கு நாள் காய்ச்சல். டெங்கு என்று இரத்தத்தில் தெரிந்துவிட்டது. அன்று பின்னேரம் காய்ச்சல் விட்டது. அம்மம்மாவுக்குப் பெரிய சந்தோசம். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறா. நான் திரும்பவும் இரத்தம் எடுக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டா. "காய்ச்சல் விட்டுட்டு மனே, மறுகா என்னத்துக்குப் பிள்ளையக் குத்துறாய்?"

டெங்குவின் பொல்லாத குணமே அதுதான். வேறு வருத்தத்தில் காய்ச்சல் விட்டால் தப்பிவிட்டோம் என்று பொருள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அந்த ஒன்று இரண்டு நாள்தான் ஆபத்து. பிள்ளை பேசும், சிரிக்கும், பாண் கேட்கும். உள்ளே இரத்த அமுக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். மேல் அமுக்கத்துக்கும் கீழ் அமுக்கத்துக்கும் உள்ள இடைவெளி 20க்கு இறங்கினால் நாங்கள் ஓடவேண்டும். அந்தப் பிள்ளைக்கு இரவு பதினொன்றரைக்கு மேலே 90, கீழே 72. கால் பாதம் குளிர்ந்திருந்தது. நகத்தை அமுக்கிவிட்டால் நிறம் திரும்பப் பிந்துகிறது.

குவார்ட்டர்ஸிலிருந்து டொக்டர் சாரத்தோடு ஓடிவந்தார். சேலைனைக் கூட்டினோம். கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால் நாடி, அமுக்கம். சில மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து அந்த மெல்லிய கண்ணாடிக் குழாயில் சுற்றவிட்டு, சிவப்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். சிவப்பு ஏறினால் நீர் இன்னும் கசிகிறது. ஏற்றுகிற தண்ணீர் கூடிவிடவும் கூடாது. கசிந்தது திரும்பி உள்ளே வரும்போது நுரையீரல் நிரம்பிவிடும். கயிற்றில் நடக்கிற மாதிரி ஒரு வைத்தியம் இது. பெரிய மருந்தொன்றும் கிடையாது. நித்திரை கொள்ளாத ஆள் இருக்கவேண்டும். அவ்வளவுதான் மருந்து.

பிறகு நாங்கள் காத்திருந்தது மூத்திரத்துக்கு. இருபது கிலோப் பிள்ளைக்கு மணிக்குப் பத்து மில்லிலீற்றராவது போகவேண்டும். ஒரு மணிக்கு இல்லை. இரண்டு மணிக்கு இல்லை. நான்கு மணிக்குப் பிள்ளை முழித்து "ஒண்டுக்கு" என்றது. அளவுக் கோப்பையில் பிடித்து டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். 45. நான் "ஸ்தோத்திரம்" என்றேன். அம்மம்மா "தாயே கண்ணகையே" என்று தலைக்குமேல் கை எடுத்தா. ஒரு கோப்பை மூத்திரத்துக்கு இரண்டு பேர் இரண்டு பக்கம் நன்றி சொல்லிக்கொண்டு நின்றோம். டொக்டர் சிரித்துவிட்டார்.

விடிந்ததும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸில் பெரியாசுபத்திரிக்கு அனுப்பினோம். மிச்ச வைத்தியம் அங்கேதான் நடந்தது, நன்றாக நடந்தது. நாங்கள்தான் காப்பாற்றினோம் என்று நான் மார்தட்டவில்லை. விடியும்வரை பிடித்து வைத்திருந்தோம், அவ்வளவுதான். வாவியின் மேற்குப் பக்கமான இந்தப் படுவான்கரையில் எங்கள் வேலையே அதுதான்.

உங்கள் சுற்றுநிருபத்தில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது. பெரியாசுபத்திரி இருக்கிறது, 1990 இருக்கிறது, 2014இல் வாவிக்கு மேலே மண்முனைப் பாலமும் திறந்தாகிவிட்டது, ஆகவே அந்தக் காலத் தேவை இப்போது இல்லை என்று. மூன்றும் உண்மை. அந்தப் பாலம் திறந்தபோது நானும் போய் நின்று பார்த்தேன். அதற்கு முதல் பாதை இழுத்து அக்கரை போன காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெளியூரார் படகு என்பதை நாங்கள் பாதை என்போம். ஆனால் ஐயா, பாலம் தார் ரோட்டுக்குத்தான். பாலத்துக்கு வந்து சேர்வதற்கு முன்னால் வயல் ரோட்டும் குளக்கட்டும் இருக்கின்றன. மாரியில் வாய்க்கால் மேவினால் ஓட்டோ போகாது. யானை இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் எந்த ஓட்டோக்காரரும் வரமாட்டார். வரவேண்டும் என்று நாம் அவரிடம் கேட்கவும் முடியாது. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அப்படியான இரவில் வீட்டில் சொல்கிற ஒரு சொல் இருக்கிறது: "விடியட்டும்." எல்லா வீட்டிலும் அதையேதான் சொல்வார்கள். சில வருடங்களுக்கு முன் எட்டு மாதக் குழந்தை ஒன்றைக் காலை ஆறேகாலுக்குக் கொண்டுவந்தார்கள். முதல் நாள் மத்தியானத்திலிருந்து வயிற்றோட்டம், வாந்தி. உச்சிக்குழி உள்ளே விழுந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளியபடியே நிற்கிறது. அழுதது, கண்ணீர் வரவில்லை. அதன் கையிலும் காலிலும் நரம்பு தேடித் தேடி, கடைசியில் டொக்டர் எலும்புக்குள் ஊசி போட்டார். பிள்ளை தப்பவில்லை. தகப்பன் சுவரோடு சாய்ந்து நின்று, "விடியட்டும் எண்டு பாத்திட்டம் மிஸ்ஸி" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இரவு எட்டு மணிக்கு அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டிருக்கக்கூடியது தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற ஜீவனி உப்பு ஒரு பக்கெற்றும், ஆறவைத்த ஒரு லீற்றர் தண்ணீரும், கரண்டியால் பருக்கிக்கொண்டிருக்க விசயம் தெரிந்த ஒரு ஆளும்.

அந்தக் குடும்பத்துக்கு எங்கள் கதவு திறந்திருப்பது தெரியாமல் இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் மருத்துவமாதுக்களோடு சேர்ந்து வீடு வீடாகச் சொல்லித் திரிந்தோம்: பிந்தினாலும் வாருங்கள், சாமம் என்றாலும் வாருங்கள். மெல்ல மெல்ல வரத் தொடங்கினார்கள். 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று, கிடைத்ததைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்த வீடுகளிலிருந்து, அதைச் சோடா என்று குடித்துவிட்ட பிள்ளைகள் இரவில்தான் வந்தார்கள். வாந்தியெடுக்க வைக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று அந்தத் தாய்மாருக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தோம். இத்தனை வருடமாகச் சொல்லிப் பழக்கியதை நீங்கள் ஒரு சுற்றுநிருபத்தால் மாற்றப்போகிறீர்கள். ஐப்பசிக்குப் பிறகு ஊர் முழுக்க திரும்பவும் "விடியட்டும்" என்று சொல்லத் தொடங்கும். அதுவும் மாரி தொடங்குகிற மாதத்தில். டெங்கு, முட்டு என்கிற மூச்சிழுப்பு, வயிற்றோட்டம், வயலில் பாம்புக்கடி எல்லாம் எங்களுக்குக் கார்த்திகையிலிருந்து தைக்குள்தான் கூடும் என்று வாட்டுப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டிருந்தால் நாங்களே சொல்லியிருப்போம்.

சரி, காசு. உங்கள் பக்க நியாயத்தை நான் மறைக்கக்கூடாது. மின்சாரக் கட்டணம் 2022 ஆவணியில் சராசரி 75 வீதம் ஏறியது. ஆறு மாதம் கழித்து, 2023 மாசியில் இன்னொரு 66 வீதம். ஒட்சிசன் மெஷினும் மருந்துக் குளிர்ப்பெட்டியும் ஓடுகிற இடத்தில் அது என்ன செய்யும் என்று எனக்கு விளங்கும். வெளிநாட்டுச் சபைகளிலிருந்து வந்த உதவி குறைந்துவிட்டது. என்னோடு வேலை செய்த மூன்று பேர் வெளிநாடு போய்விட்டார்கள். போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 2022இல் சம்பளத்தை வைத்துக்கொண்டு பால்மா வாங்கிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

ஆனால் காசு இல்லை என்றால் காசு இல்லை என்று எழுதுங்கள். கணக்கைக் காட்டுங்கள். கணக்கை ஒளித்துவிட்டு விசுவாசத்தை முன்னால் நிறுத்தினால், நாளைக்கு அந்தச் சொல்லை நான் எந்தத் தாயிடம் சொல்லுவேன்? எங்கள் வேதாகமத் தமிழில் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. போதகர்மார் இரண்டையும் பிரித்துப் பிரசங்கம் பண்ணுவார்கள். வாட்டில் இருக்கிற தாய்மாருக்கு அந்தப் பிரிவு கிடையாது, அவர்களுக்கு எல்லாம் நம்பிக்கைதான். "மிஸ்ஸி, நம்பிக்கை இருக்கா?" என்று கேட்பார்கள். அது சாமியைப் பற்றிய கேள்வியா பிள்ளையைப் பற்றிய கேள்வியா என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. பொய் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்லவேண்டும். சிலநேரம் "இருக்கு" என்போம், சிலநேரம் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்போம். அப்படிக் கவனமாகப் பாவிக்கிற சொல்லை நீங்கள் ஒரு நிர்வாக முடிவுக்கு மேல் விரித்து மூடியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் அற்றெண்டன்மாருக்கும், குசினி அக்காவுக்கும், வாச்சர் ஐயாவுக்கும் நான்தான் வாசித்துச் சொன்னேன். அவர்களுக்கு வேலை இல்லை என்று சொல்கிற கடிதத்தை அவர்கள் மொழியில் எழுத ஒரு மணித்தியாலம்கூட ஒதுக்கமுடியவில்லையா? மிஷன் வைத்தியத்தின் பாரம்பரியம் என்று மூன்றாம் பந்தியில் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாரம்பரியத்தில் டொக்டர் சாமுவேல் கிறீன் என்று ஒருவர் இருந்தார். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், வைத்திய நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார், அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். தமிழில் படித்தவர்கள் ஊரோடு நிற்பார்கள் என்பது அவர் கணக்கு. அவருக்குத் தமிழ் தாய்மொழி இல்லை. உங்களில் பலருக்கு அதுதான் தாய்மொழி.

குசினிக்கு வருகிறேன். மூடப்போகிறவற்றில் எல்லாருக்கும் சின்னதாகத் தெரிவது அதுதான். எனக்கு அதுதான் பெரிது.

2019 சித்திரை 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதி ஒருவன் வெடிக்கவைத்த தற்கொலைக் குண்டைப் பற்றி நான் இங்கே விவரிக்கத் தேவையில்லை. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். எனக்குத் தெரிந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு சில கிழமை கழித்து, நோன்பு மாதத்தில் ஒரு இரவு, சிறுபோக விதைப்புக்காக வயல் வாடியில் தங்கியிருந்த ஒரு முஸ்லிம் குடும்பம் கேற்றடிக்கு வந்தது. உம்மாவின் தோளில் மூன்று வயதுப் பொடியன். முட்டு. மூச்சு எடுக்க எடுக்க விலாவுக்கிடையில் தோல் உள்ளே இழுபடுவது கேற்றடி லைட்டிலேயே தெரிந்தது. ஆனால் அவர் உள்ளே வரவில்லை. கேற்றுக்கு வெளியே நின்றுகொண்டு, "வரலாமா?" என்று கேட்டார். வாச்சர் ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஐந்து விநாடி இருக்கும், பத்து விநாடி இருக்கும். அதற்குள் என் மனதில் ஓடியதை நான் என் புருசனுக்குக்கூடச் சொன்னதில்லை. பிறகு பொடியனின் மூக்கு விரிந்து சுருங்குவதைப் பார்த்தேன். கை தன்பாட்டில் கேற்றைத் திறந்தது. அந்தப் பத்து விநாடிக்காக நான் இன்றைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், யாரிடம் என்று உங்களுக்குத் தெரியும்.

நெபுலைஸர் வைத்து, இரண்டாம் தடவையில் பொடியனுக்கு மூச்சு இளகியது. விடியச் சாமம் மூன்றரை இருக்கும். விடியமுதல் சஹர் சாப்பிட்டுத்தான் நோன்பு பிடிப்பார்கள், அந்த உம்மா கதிரையில் இருந்தபடி நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் குசினி அக்கா, அவவும் அந்த ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவ, ஒன்றும் பேசாமல் போய்ப் பாண், வாழைப்பழம், தேத்தண்ணி கொண்டுவந்து அவர் பக்கத்து ஸ்டூலில் வைத்தா. "சஹருக்கு நேரம் போகுதெல்லோ, சாப்பிடுங்க. இறைச்சி ஒண்டும் இல்ல, பயப்பிடாதீங்க." இவ்வளவுதான் சொன்னா. அந்த உம்மா அழுதுகொண்டே சாப்பிட்டார்.

செத்துப்போன யவீருவின் மகளை இயேசு எழுப்பிய வேதாகமக் கதை நம் எல்லாருக்கும் தெரியும். அந்த அற்புதத்துக்குப் பிறகு இயேசு செய்யச் சொன்ன காரியம், பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்தச் சாப்பாட்டில் நின்று பேசியவர் குறைவு. தாதிமாருக்கு அது முதலில் கண்ணில் படும். பிள்ளை எழும்பிவிட்டது, பசிக்கும். உங்கள் கணக்குப் புத்தகத்தில் குசினி ஒரு செலவு. எங்கள் வாட்டில் அது அந்தக் கதையின் கடைசி வரி.

கதவைப் பற்றி எழுதியிருந்தீர்களே. எங்கள் பக்கத்தில் கண்ணகை அம்மன் கோயில்கள் வருடத்தில் ஒருக்கால், வைகாசிச் சடங்குக்குத் திறக்கும். அதற்குக் கதவு திறத்தல் என்றே பெயர். அந்த டெங்குப் பிள்ளையின் அம்மம்மா சுகமான பிறகு ஒருநாள் வாழைக்குலையோடு வந்தா. "எங்கட தாயிர கதவு வரியத்தில ஒருக்காத்தான் திறக்கும் மனே. உங்கட தாயிர கதவு பூட்டவே மாட்டாங்களாக்கும்" என்றா. எங்களுடையது தாய் இல்லை என்று நான் திருத்தவில்லை. பூட்டமாட்டோம் என்றுதான் சொன்னேன். அந்த அம்மம்மாவுக்கு நான் இப்போது கடனாளி.

நான் கேட்பது இவைதான்.

ஐப்பசி முதலாம் திகதி முடிவை வருகிற மாசி முடியும்வரை நிறுத்தி வையுங்கள். இந்த மாரியைக் கடக்க விடுங்கள். எல்லாக் கட்டிலும் வேண்டாம். இரவுக்கு ஆறு கட்டில், ஒரு மிஸ்ஸி, ஒரு அற்றெண்டன், குவார்ட்டர்ஸில் கூப்பிட்டால் வருகிற ஒரு டொக்டர். இப்போதைய ஆளணியில் இதைச் செய்யலாம். நாங்கள் ஐந்து பேர் மாறி மாறி இரவு டியூட்டி செய்யச் சம்மதித்துக் கையெழுத்து வைத்த பட்டியல் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம், மேலதிகக் கொடுப்பனவு கேட்கவில்லை. சனலிங் வேண்டுமென்றால் நடத்துங்கள். அதில் வருகிற காசில் கீழே இருக்கிற இரவு வாட்டை நடத்தமுடியுமா என்று ஒருக்கால் கணக்குப் பாருங்கள்.

கடைசி மூன்று வருடத்துக் கணக்கைத் தமிழில் எழுதி ஊருக்குக் காட்டுங்கள். எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் போதும். பெரும்போக அறுவடை முடிய வீட்டுக்கு ஒரு மூடை நெல் தரலாம் என்று இரண்டு கமக்கார அமைப்புக்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த நெல் ஒட்சிசன் மெஷினின் கரண்டுக்குக் காணாது, எனக்குத் தெரியும். குசினிக்குக் காணும். கேட்காமலேயே தருகிறோம் என்கிறவர்களிடம் கேட்கக் கூச்சம் வேண்டாம்.

வேலை போகப்போகிறவர்களுக்குத் தமிழில், பெயர் போட்டு, தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள். குசினி அக்காவுக்கு முதலில்.

சுற்றுநிருபத்தின் கடைசி வரியைத் திரும்பப் பெறுங்கள். முடிவை மாற்றமுடியாது என்றாலும் இதையாவது செய்யுங்கள். எங்களிடம் கீழ்ப்படிவைக் கேட்கலாம், பொறுமையைக் கேட்கலாம், கேட்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. விசுவாசத்தை இதற்குக் கேட்காதீர்கள்.

கடைசியாக, உங்களில் ஒருவராவது ஒரு இரவு வந்து வாட்டில் இருங்கள். கூட்டம் வேண்டாம், மாலை வேண்டாம். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு இரவு டியூட்டி. கதிரை இருக்கிறது, தேத்தண்ணி இருக்கிறது, போர்வை மட்டும் கொண்டுவாருங்கள். பாதையால் வருவதென்றால் பொழுதுபட முதல் துறைக்கு வந்துவிடுங்கள், இருட்டினால் அது ஓடாது. பிந்திவிட்டால் பாலத்தால் சுற்றித்தான் வரவேண்டும். வழியில் யானை நின்றால் அது இறங்கிப் போகும்வரை பொறுத்திருங்கள். எந்த நேரமானாலும் கேற்றடியில் நின்று கூப்பிடுங்கள், நாங்கள் முழித்துத்தான் இருப்போம்.

இப்படிக்கு,
சிறுவர் வாட்டு மிஸ்ஸி ஒருத்தி
படுவான்கரை, மட்டக்களப்பு